பாதி வழியில் ஒரு மூன்றாவது விளக்கு

போன மாதம் என் பழைய அலுவலகத்துப் பெண் ஒருத்தி போனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, இப்பல்லாம் இங்கிலீஷ்ல நாலு வரி அடிச்சாப் போதும். ஏ.ஐ. அதை அப்படியே ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷனா மாத்திக் குடுத்துருது. உங்க காலத்துல இதையெல்லாம் கையாலயா எழுதுனீங்க?" என்றாள். ஆன்ட்டி என்றதையாவது மன்னிக்கலாம். 'உங்க காலம்' என்றாளே, அதுதான் பொறுக்கவில்லை. நான் ஓய்வு பெற்றே இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஓலைச்சுவடியில் எழுத்தாணி பிடித்தவள் மாதிரி பேசுகிறாள்!

"அடியே, நீ புட்டிப்பால் குடிச்சப்பவே நாங்க மெஷினை வெச்சு மாத்தினவங்க. அதுவும் கொல்லிமலை மேல உக்காந்து" என்றேன். சிரித்தாள். நம்பவில்லை என்று சிரிப்பிலேயே தெரிந்தது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி. அத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, மிளகு, சீரகம், கடுகு வியாபாரம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போய், கம்ப்யூட்டர் படித்து, தொண்ணூற்றேழில் சேலத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு கொல்லிமலை மேலிருக்கும் செம்மேட்டுக்குப் போ என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறை. மலையில் எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டேன். சேலத்து வெயிலில் கம்ப்யூட்டர் சூடாகி நின்றுவிடுகிறது, ஏ.சி. வாங்கக் கட்டுபடியாகாது, மலைமேல் குளிர் சும்மா கிடைக்கிறது என்றார்கள். இதற்கு மேல் அறிவியல் காரணம் எதுவும் கிடையாது.

வேலையைச் சொல்கிறேன். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை, அது வேண்டும் என்கிறவர் சாதாரண இங்கிலீஷில் எழுதித் தருவார். படிக்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே எங்கே ஓட்டை என்று தெரியாது. அதே விஷயத்தைக் கணக்குச் சூத்திரமாக, அந்தப் பெண் சொன்ன ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷனாக, எழுதிவிட்டால் ஓட்டை ஒளிய இடமில்லை. அந்த மாற்றும் வேலையைச் செய்ய எங்களிடம் ஒரு புரோகிராம் இருந்தது. செயற்கை அறிவு என்று அப்போதே பெரிய பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் அதை வக்கீல் என்று கூப்பிட்டோம், ஏனென்றால் அது குறுக்குக் கேள்வி கேட்கும். வாக்கியத்தைப் பிய்த்துப் பார்த்துச் சூத்திரமாக்கும். அந்தச் சூத்திரத்தைத் தன் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லி, நீ சொன்னது இதுதானே என்று கேட்கும். ஆமாம் என்று தட்டினால், நடக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். எங்காவது இடித்தால் அது எப்படி இடித்தது என்று ஒரு கதையாக எழுதிக் காட்டும். அதற்குள் இரண்டு தரம் கரண்டு போய் வந்திருக்கும்.

எங்களுக்குத் தலைவி மரகதம் மேடம். தர்க்கம் படித்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, யார் எதைச் சொன்னாலும் "அப்படி நடக்கலைன்னா?" என்று ஒரே கேள்வி கேட்பார். ஒருநாள், எங்கள் மாடிக்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவர், "டீ இப்ப வந்துருமுங்க மேடம்" என்றார்.

"வரலைன்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வரலீன்னா... டீ இல்லாமத்தானுங்க இருக்கோணும்."

"பார்த்தியா மெஹரு, எவ்வளவு தெளிவா பதில் சொல்றாரு! நீ எழுதுன வாக்கியத்துல இது இருக்கா?" என்று என் பக்கம் திரும்பினார். டீக்குக்கூட நான்தான் திட்டு வாங்க வேண்டியிருந்தது.

மேடத்திடம் இன்னொரு சட்டமும் உண்டு. வக்கீல் எழுதிய கதையைப் பார்த்து 'அட, இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது' என்று யாரும் ஒதுக்கக்கூடாது. முதலில் அறைக்குள் நடித்துக் காட்ட வேண்டும். நடித்த பிறகு ஒதுக்கலாம். நாற்காலி, மேசை, குடை எல்லாம் அதில் நடிக்கும். கீழ்க்கடையில் டீ குடிப்பவர்கள், மேலே டான்ஸ் கிளாஸ் நடக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கையில் எங்களுக்கு முதல் நிஜ வேலை வந்தது. மலைப்பாதையில் அடுத்தடுத்த சில வளைவுகளில், மழையில் ரோட்டின் வெளி ஓரம் சரிந்து, ஒரு வண்டி போகத்தான் வழி இருந்தது. சரிந்த தடுப்புச் சுவரைத் திரும்பக் கட்ட நாளாகும். அதுவரை மேல்முனையில் ஒரு விளக்கு, கீழ்முனையில் ஒரு விளக்கு. ரோட்டின் குறுக்கே ரப்பர் குழாய் பதித்து, வண்டி அதன்மேல் ஏறியதும் எண்ணிக்கொள்ளும்படி ஏற்பாடு. நெடுஞ்சாலைப் பொறியாளர் தங்கராசு, விளக்குகள் எப்படி மாறி மாறி எரிய வேண்டும் என்பதை இங்கிலீஷில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். தலையில் குரங்குக் குல்லாய், முகத்தில் எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவர் பதற்றம்.

"மேடம், அடுத்த மழைக்கு முந்தி லைட் எரிஞ்சாகோணுங்க. இல்லீன்னா மேலதிகாரி என்னைய உரிச்சுப்போடுவாருங்க" என்றார்.

நான் ஒவ்வொரு வாக்கியமாக வக்கீலுக்குக் கொடுத்தேன். கீழிருந்து வண்டி நுழைந்தால் மேல் விளக்கு சிவப்பாக வேண்டும். அந்த வண்டி மேல்முனையைத் தாண்டும் வரை சிவப்பாகவே இருக்க வேண்டும். மேலிருந்து வந்தாலும் அப்படியே. கேட்பதற்கு வாழைப்பழம் உரித்த மாதிரி எளிதாக இருந்தது. வக்கீல் மென்றுவிட்டு ஒரு கதை எழுதியது: ஒரு வண்டி கீழிருந்து நுழைகிறது. நடுவில் திரும்பிக் கீழே வருகிறது. அதற்குள் இன்னொரு வண்டி பச்சையைப் பார்த்துக் கீழிருந்து நுழைகிறது. இரண்டும் எதிரெதிரே.

மேடம் ஸ்வெட்டர் கையை ஏற்றினார். "நடிங்க."

நாற்காலிகளை வளைவாகப் போட்டோம். எங்களோடு வேலை செய்த சுப்ரமணிதான் பஸ். உருவத்துக்கு அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. நான் ஜீப். ஏறினேன், திரும்பினேன், இறங்கினேன், எதிரே வந்த சுப்ரமணிமேல் நேராக முட்டிக்கொண்டேன். தங்கராசு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏனுங்க, கொண்டை ஊசி வளைவுல எவனுங்க வண்டியத் திருப்புவான்? கிறுக்கனா? 'இடையில் எந்த வண்டியும் திரும்பாது'ன்னு ஒரு வரி சேத்துக்குங்க, சோலி முடிஞ்சுது."

சேர்த்தேன். வக்கீல் மறுபடி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை, இரண்டு வண்டிகள் ஒருபோதும் எதிரெதிரே வராது, நிரூபணமாயிற்று என்றது. எங்கள் முதல் நிரூபணம்! சுப்ரமணி கைதட்டினார். தங்கராசு கீழே ஆள் அனுப்பிச் சூடாகப் போண்டா வரவழைத்தார்.

போண்டாவைக் கடித்துக்கொண்டே, "அந்த வரி பொய்யாப் போயிறக் கூடாதில்லைங்க, அதுக்கும் வழி பண்ணிர்றேன்" என்றார். "நடுவுல ஒரு வளைவு அகலமா இருக்குதுங்க, ஒத்தையடிப் பாதை ஒண்ணு வந்து சேருமே, அங்கதான். வண்டி திரும்புனா அங்கதான் திரும்போணும். வரிசையாக் கல்லு நட்டுட்டா ஒரு சைக்கிள்கூடத் திரும்ப முடியாது."

நான் கடித்த போண்டாவைத் தட்டில் வைத்தேன். காகிதத்தில் வளைவுகளுக்கு வெறும் எண்தான் போட்டிருந்தது. ஒற்றையடிப் பாதை என்றதும்தான் அது எந்த இடம் என்று உறைத்தது. என் அண்ணன் காதர் ஜீப்பைத் திருப்புகிற இடம் அது. அண்ணன் மட்டுமல்ல, அடிவாரத்து வியாபாரிகள் பாதிப்பேர் திருப்புவது அங்கேதான்.

அது என்ன வழக்கம் என்று சொல்கிறேன். மலைமேல் பைல் நாட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து விவசாயிகள் மிளகும் பலாவும் சுமந்துகொண்டு அந்தப் பாதையில் பாதி மலை இறங்குவார்கள். வியாபாரிகள் ஜீப்பில் பாதி மலை ஏறுவார்கள். பேரம் அந்த வளைவில். ஒரு தரப்பு மற்றவர் ஊருக்கு வராது. சுமையோடு அடிவாரம் வரை இறங்கிவிட்டால் திரும்பத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். வியாபாரி ஊருக்குள் வந்தால் வெறும் ஜீப்போடு திரும்ப மனம் வராது, சொன்ன விலையைத்தான் கொடுப்பான். பாதி வழியில் நின்றால் இரண்டு பேருக்கும் கை ஓங்காது. யாரோ புத்திசாலி ஏற்படுத்திய வழக்கம். அதைத்தான் எங்கள் ஒரு வரி இழுத்து மூடப் பார்த்தது.

"சார், அங்க வண்டி திரும்புங்க. வாரம் தவறாம திரும்புது" என்றேன்.

"சட்டப்படி அது நிறுத்துற எடமே இல்லீங்களே!"

"சட்டம் இருக்கட்டுங்க. ஜீப் திரும்புதே!"

தங்கராசு மேடத்தைப் பார்த்தார். "மேடம், மெஷினே சரின்னு சொல்லிருச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா நான் நிம்மதியாத் தூங்குவனுங்க."

மேடம் என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். "மெஹரு, நீ உங்க அண்ணன் ஜீப்புக்காகப் பேசறியா, நிரூபணத்துக்காகப் பேசறியா?"

"ரெண்டுக்கும்தான் மேடம். அண்ணனுக்காக இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாம நிரூபிச்சது ரோட்டைப் பத்தி இல்லை. யாருமே திரும்பாத ஏதோ ஒரு ரோட்டைப் பத்தி."

கோபத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று பயம் வந்தது. மேடம் கோபிக்கவில்லை. தங்கராசுவிடம் திரும்பி, "நாளைக்கு அந்த இடத்தை நாங்க பாக்கணும். நீங்களும் வாங்க" என்றார்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் பஸ்ஸில் போய் அந்த வளைவில் இறங்கினோம். மலைக்காரர்கள் ஏற்கனவே சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன், ஜீப் பானட்டில் சாய்ந்துகொண்டு வெள்ளையம்மா என்கிற அம்மாளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளிடம் பேசி ஜெயித்த ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது.

"என்ன காதரு, மொளகை மோந்து பாக்கறயா, மூக்குப்பொடி போடறயா? வெலையச் சொல்லு கண்ணு!"

"அக்கா, போன வாரத்து வெலைதானுங்க."

"போன வாரம் போன வாரத்தோட போச்சு."

நாங்கள் வந்த விஷயத்தைத் தங்கராசுவே தயங்கித் தயங்கிச் சொன்னார். கல் நடப்போகிறோம், இனி இங்கே வண்டி திரும்பாது என்று. வெள்ளையம்மா எழுந்து நின்றார்.

"கல்லு நட்டா நாங்க எங்கீங்க சாமி போறது? பலாப்பழம் காத்திருக்குமுங்களா? ரெண்டு நாளு போனா மாட்டுக்குத்தானுங்க. சொமையோட அடிவாரம் எறங்குனா இந்தக் காதரே எங்களை மொட்டையடிச்சுப்போடுவான்."

"அடிச்சுத்தானுங்க போடுவேன்" என்றார் அண்ணன், ஒளிவுமறைவு இல்லாமல். "வியாபாரி புத்தி அதுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளையம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இந்த வளைவுல மொளகு வித்த காசுலதானுங்க ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வெச்சேன். மூணாவது இப்பத்தான் பள்ளிக்கூடம் போவுது" என்றார். குரலில் கெஞ்சல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேடம் வெகுநேரம் அந்த வளைவின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தார். பிறகு தங்கராசுவிடம், "திரும்பாதுங்கற வரியை எடுத்துடறேன். மழைக்கு முன்னாடி வேற வழி சொல்றோம். முடியலைன்னா உங்க கல்லை நடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். முடியாவிட்டால் கையெழுத்து மேடத்துடையது, ஆனால் வேலை என்னுடையது.

வழி என்னவோ எளிதாகத்தான் தோன்றியது. அந்த வளைவிலேயே மூன்றாவதாக ஒரு விளக்கு. அங்கே திரும்புகிற வண்டி அதைப் பார்த்து, பச்சை வந்த பிறகு இறங்கினால் போதும். நான் உட்கார்ந்து வாக்கியங்களைப் புதிதாக எழுதினேன். ஒரு வண்டிகூட முட்டக்கூடாது என்ற வேகத்தில், மற்ற பக்கம் சும்மா இருந்தால்தான் தன் பக்கம் பச்சை என்று மூன்று விளக்குக்கும் கட்டுப்பாடு போட்டேன். வக்கீல் படித்தது. முட்டல் இல்லை, நிரூபணம் என்றது. நான் குதித்தேன்.

"முட்டாது சரி. போகுமா?" என்றார் மேடம்.

வண்டி எப்போதாவது போய்ச் சேருமா என்று வக்கீலிடம் கேட்டேன். அது எழுதிய கதையைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். மறுபடி நடித்தோம். சுப்ரமணி கீழே பஸ், நான் நடுவில் ஜீப், அன்றைக்கு நிலவரம் பார்க்க வந்த தங்கராசு மேலே லாரி. கீழ் விளக்கு நடு விளக்குக்காகக் காத்திருக்கிறது. நடு விளக்கு மேல் விளக்குக்காக. மேல் விளக்கு கீழ் விளக்குக்காக. மூன்று பேரும் மூன்று மூலையில் நின்றோம். நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம்.

"மேடம், கால் வலிக்குதுங்க" என்றார் லாரி.

"நல்ல பாதுகாப்பான ரோடு" என்றார் மேடம். "விபத்தே நடக்காது. உலகத்துல எல்லா ரோட்டுக்கும் இதையே போட்டுடலாம்."

எங்கள் சிரிப்பு கீழ்க்கடை வரை கேட்டிருக்கும். சிரித்து முடித்ததும் எனக்குத் தெளிந்தது. ரேஷன் கடையில் நடப்பதுதானே! முதலில் வந்து நின்றவருக்கு முதலில். அப்படியே எழுதினேன். வக்கீல் உடனே குறுக்குக் கேள்வி போட்டது: இரண்டு பேர் சேர்ந்தாற்போல் வந்தால்?

நான் மேடத்தைப் பார்த்தேன். தங்கராசு குல்லாயைக் கழற்றிவிட்டு, "இதுல என்னங்க யோசனை? ஏறுற வண்டிக்குத்தானுங்க மொத வழி. எறங்குற வண்டி நின்னுட்டா திரும்பக் கெளப்பிக்கலாம். ஏத்தத்துல நின்னா இழுவை போயிருமுங்க. மலையில ஸ்டீரிங் புடிச்ச எல்லாத்துக்கும் தெரியுமே!" என்றார்.

"எல்லாத்துக்கும் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. மெஹரு, எழுது" என்றார் மேடம்.

எழுதினேன். ஏறும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தால் இறங்குகிறவன் அங்கேயே கிழவனாகிவிடுவான் என்று வக்கீல் இன்னொரு கதை சொன்னது. சேர்ந்து வரும்போது மட்டும்தான் ஏறுபவருக்கு முன்னுரிமை, மற்றபடி வரிசைதான் என்று அதையும் அடைத்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் உரக்கப் படிக்க, வக்கீல் திருப்பிச் சொன்னதை சுப்ரமணி படிக்க, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மேடம் கேட்டார். எங்காவது ஒரு சொல் இடறினால் கையைத் தூக்குவார். அன்றைக்குக் கை தூக்கவில்லை. வக்கீல் கடைசியாக எல்லாவற்றையும் ஓட்டியது. வண்டிகள் முட்டா. வந்த வண்டி ஒருநாளும் சிக்கி நிற்காது. நடு வளைவில் எந்த வண்டியும் திரும்பலாம் என்று நான் புதிதாக எழுதிய வரி அப்படியே உள்ளே இருந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். நான் பாத்ரூமுக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

கல் எதுவும் நடவில்லை. மழைக்கு முன்னால் மூன்று விளக்கும் எரிந்தன. முதல் நாள் நாங்கள் எல்லோரும் நடு வளைவில் போய் நின்றோம். அண்ணன் வெள்ளோட்டமாக ஜீப்பில் ஏறிவந்தார், திருப்பினார், சிவப்பில் நின்றார். மேலிருந்து ஒரு பஸ் இறங்கிப் போயிற்று. நடு விளக்கு பச்சையாயிற்று. அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினார். தங்கராசு என் அண்ணன் ஜீப்புக்குக் கல்யாண ஊர்வலம் மாதிரி கையாட்டினார்.

அப்போதுதான் சுப்ரமணி என் முழங்கையை இடித்துப் பாதைப் பக்கம் காட்டினார். ஒற்றையடிப் பாதை ரோட்டைத் தொடும் இடத்தில், நடு விளக்கு பச்சையிலிருந்து மறுபடி சிவப்பாகியிருந்தது. தலையில் சுமையோடு வெள்ளையம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள், எல்லோர் தலையிலும் சுமை. ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை.

நான் ஓடினேன். "அக்கா, இது வண்டிக்குத்தானுங்க! நடக்கறவங்களுக்கு இல்லீங்க. நீங்க பாட்டுக்கு வாங்க!"

சுமையைத் தலையில் சரிசெய்துகொண்டார். "ஏங்கண்ணு, மத்த ரெண்டும் ஊருக்கு வெச்ச வெளக்கு. இது எங்களுக்காக வெச்சதுன்னு காதரு சொன்னான். எங்க வெளக்குக்கு நாங்களே நிக்கலீன்னா அப்பறம் வேற எவன் நிப்பான்?"

மரகதம் மேடம் மெல்ல வந்து என் பக்கத்தில் நின்று, நடப்பவர்களைப் பற்றி நாம் எதுவும் எழுதவில்லையே என்றார். செம்மேட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, நடந்து போகிறவர்கள் எந்த விளக்குக்கும் நிற்க வேண்டியதில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தேன். வக்கீல் அதைச் சூத்திரமாக்கி, திருப்பிச் சொல்லி, எல்லாக் கதையையும் ஓட்டிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று ஏற்றுக்கொண்டது.

வெள்ளையம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. சுவர் கட்டி முடித்து விளக்குகளைக் கழற்றும் வரை, தலையில் பலாப்பழத்தோடு, பச்சை வரும் மட்டும் நின்றுவிட்டுத்தான் ரோட்டில் கால் வைத்தார்.